நோய்க்குப்பின் கைவேலை

தமிழில் 'கை' என்னும் ஓரெழுத்துச் சொல்லை முதலாகக் கொண்ட தொடர்கள் எத்தனை என்று என் மாணவர்களை எண்ணச் சொல்வதுண்டு. கைகொடுத்தல், கைவிடுதல், கைகூடுதல், கைப்பழக்கம், கைத்தொழில், கைப்பொருள் என்று கரும்பலகை நிரம்பும்வரை சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசி வரிசையிலிருந்து எவனாவது ஒருவன் 'கையூட்டு' என்பான், வகுப்புச் சிரிக்கும். அந்தப் பட்டியலில் ஒரு சொல்லை மட்டும் நானே எழுதிச் சேர்ப்பேன். அது 'கையறுநிலை'. தலைவன் இறந்துபட, அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் செய்வதறியாது வருந்திப் பாடுவதற்குப் புறத்திணையில் வழங்கும் துறைப்பெயர் அது. எங்கள் சிங்கம்புணரிக்கு வடக்கே நிற்கும் பிரான்மலையே பாரி ஆண்ட பறம்புமலை என்பர். பாரியை இழந்த பின் அவன் மகளிரும் கபிலரும் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இத்துறையில் அமைந்திருக்கின்றன. செயலற்றுப் போவதைக் குறிக்க, கண்ணையோ காலையோ சொல்லாமல் கையைச் சொன்ன முன்னோரின் நுட்பத்தை வகுப்பில் பலமுறை வியந்து பேசியிருக்கிறேன். அச்சொல்லின் முழுப்பொருளையும் என் உடம்பே எனக்குக் கற்பித்தது, நான் ஓய்வு பெற்ற பின்னர்தான்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், என் அறுபத்திரண்டாம் வயதில், தை மாதத்து விடியற்பொழுது ஒன்றில் எனக்குப் பக்கவாதம் வந்தது. வலி இல்லை. வலக்கை என்னுடையதாக இல்லை, அவ்வளவுதான். நீர்ச்செம்பைப் பிடித்திருந்த கை, தான் செம்பை நழுவவிட்டதைக்கூட அறியவில்லை. என் பேச்சுக் குழறுவதைக் கேட்ட மனைவியார், சுக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம், சற்றே படுக்கவைத்துப் பார்ப்போம் என்று பொழுதைக் கழிக்காமல், அடுத்த வீட்டாரின் வண்டியில் என்னை ஏற்றி மதுரைக்குக் கொண்டு சேர்த்தார். மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வதால் வரும் பக்கவாதத்திற்கு, அக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து ஒன்று உண்டு. அதை நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். எவ்வளவு முன்னதாகச் செலுத்தப்படுகிறதோ அவ்வளவு நன்மை. முகம் ஒருபுறம் கோணினாலும், தூக்கிய கைகளுள் ஒன்று தானே தாழ்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் ஒரு நாழிகையும் காத்திருக்கலாகாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏனெனில், நான் பேசவந்த கைவேலை எல்லாம் மருத்துவத்திற்குப் பின்னால் வருவது. அதற்குப் பதிலாக வருவதன்று.

எனக்கு அடைபட்ட குழாய் மூளையின் இடப்பக்கத்தில் இருந்தது. இடப்பக்க மூளை வலக்கையை ஆள்கிறது. வலப்பக்க மூளை இடக்கையை ஆள்கிறது. நரம்புகள் மூளையிலிருந்து இறங்கி வரும் வழியில் பெரும்பாலும் பக்கம் மாறிவிடுவதே காரணம். கனடா நாட்டில் மாண்ட்ரீல் நகரத்து அறுவை மருத்துவராக இருந்த வைல்டர் பென்ஃபீல்டு என்பவர், 1930-களில், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று ஒரு வரைபடமே உருவாக்கினார். அந்த வரைபடத்தில் முதுகு முழுமைக்கும் கிடைத்த இடம் சிறிது. கைக்கும் விரல்களுக்கும் கிடைத்த இடமோ மிகப் பெரிது. பெருவிரல் ஒன்றே பெருநிலக்கிழாரைப் போல அகன்ற இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நுண்ணிய வேலை செய்யும் உறுப்புக்கு மிகுந்த ஆட்சியாளர்கள் தேவைப்படுகிறார்கள் போலும்! அதனால்தான் அந்தப் பகுதியில் இழப்பு நேர்ந்தால், கால் ஊன்றி நடக்கத் தொடங்கிய பின்னும் கை வராமல் கிடக்கிறது. எனக்கும் அவ்வாறே நேர்ந்தது. பேச்சுப் பத்து நாளில் தெளிந்தது. இரண்டு திங்களில் கைத்தடியுடன் தெருவில் நடந்தேன். வலக்கை மட்டும், மடியில் வைத்தால் மடியிலும் மேசையில் வைத்தால் மேசையிலுமாக, வைத்த இடத்தில் கிடந்தது.

அந்நாளில் ஓய்வூதியம் பெறுவதற்காக வங்கி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். இடக்கையால் நான் இட்ட கையொப்பம் அவர்களிடமிருந்த மாதிரியோடு ஒத்துவரவில்லை. அங்கிருந்த இளைஞர், மிக்க மரியாதையுடனேயே, மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "பெருவிரல் ரேகை வைத்துவிடுங்கள், ஐயா" என்றார். விதி அப்படித்தான் இருக்கிறது, அவர்மேல் குறையில்லை. ஆனால், தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, இரவு நேரங்களில் அரிக்கேன் விளக்கடியில் அமர்ந்து, அதுவரை கைநாட்டு வைத்துவந்த எத்தனையோ பெரியவர்களைத் தம் பெயரை எழுதவைத்தவன் நான். பள்ளியில் நான் கையொப்பமிட்ட சான்றிதழ்கள் எண்ணற்றவை. விரலில் ஒட்டிய மையைத் துடைத்தவாறு வீட்டிற்கு வந்தபின், இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழ மூவருள் ஒருவரை மனச்சோர்வு பற்றுகிறது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அதுவும் நோயின் ஒரு பகுதியே, மன உறுதியின்மை அன்று என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருத்தல் வேண்டும்.

பயிற்சி இல்லாமல் இல்லை. இயன்முறை மருத்துவராகிய ஓர் இளம்பெண், வாரம் மூன்று நாள், பொறுமையே உருவாக வந்து பயிற்சி அளித்தார். மென்பந்தை அழுத்துதல், மொச்சைக் கொட்டைகளை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல், மரப்பலகையின் துளைகளில் குச்சிகளைச் செருகுதல், மேசைமேல் துணியை முன்னும் பின்னும் தள்ளுதல் ஆகியவை அப்பயிற்சிகள். ஒவ்வொன்றும் தேவையானதே. ஆயினும், பந்தை நூறு முறை அழுத்தினாலும் அது பந்தாகவே இருந்தது. இந்தக் கிண்ணத்து மொச்சையை அந்தக் கிண்ணத்திற்கு மாற்றி முடித்ததும், அடுத்த வேலை அந்தக் கிண்ணத்திலிருந்து இந்தக் கிண்ணத்திற்கு மாற்றுவதே. அவர் இருக்கும்போது செய்வேன். அவர் வாசல் தாண்டியதும் நிறுத்திவிடுவேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளின் மனநிலை அப்போது எனக்கு நன்றாக விளங்கிற்று.

ஒருநாள் அந்தப் பெண், "ஐயா, உங்களுக்குக் கைவேலை ஏதேனும் தெரியுமா?" என்று கேட்டார். "ஓலைப்பெட்டி முடையத் தெரியும், அம்மா, விட்டு இருபது ஆண்டு ஆகிறது" என்றேன். "அப்படியானால் நாளை மறுநாள் ஓலை வாங்கி வைத்திருங்கள்" என்றார். அன்று முதல் பயிற்சி வேறு வடிவம் பெற்றது.

ஓலை முடைவதை நான் என் அப்பத்தாவிடம் கற்றேன். எங்கள் பக்கத்தில் நெல் அளக்கவும் பணியாரம் எடுத்துச் செல்லவும் சீர் வைக்கவும் ஓலைப்பெட்டியும் கொட்டானுமே வழங்கின. செட்டிநாட்டு ஆச்சிமார் திருமணச் சீருக்காக முடைந்த கொட்டான்களில் சாயமேற்றிய ஓலையும் மணி வேலையும் காண்பவர் கண்ணைப் பறிக்கும். அண்மைக் காலத்தில் அக்கலைக்குப் புத்துயிர் ஊட்டப்பட்டு, செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. என் அப்பத்தா முடைந்தவை அத்தனை அழகுடையவை அல்ல, வெற்றோலை, உரமானவை. பின்னர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கைத்தொழில் பாடத்திற்கு நான் அதையே எடுத்துக்கொண்டேன். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டிற்குப் பின், ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தின் சாயல் எங்கள் காலத்திலும் முற்றும் மறையவில்லை. அத்திட்டத்தில் பயின்று வந்த மூத்த ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு வாய்த்தார். குழந்தைக்குக் கணக்கையும் கைத்தொழிலையும் தனித்தனி மணி அடித்துக் கற்பிப்பதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. ஆசிரியனான பின் நானும் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓலைவேலை கற்பித்தேன். தலைமையாசிரியன் ஆனதும் கோப்புகள் வந்தன, ஓலை போயிற்று.

மருத்துவப் பெண் கேட்ட அந்தக் கேள்வியின் பின்னே ஒரு பெருங்கருத்து இருக்கிறது. அதை மருத்துவர்கள் ஒரு பெயரால் வழங்குகிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் வேறொரு பெயரால் அறிந்திருக்கிறோம். குழந்தைகளுக்கு வண்ணக் காகிதப் பட்டைகளைக் கொடுத்துப் பாய்போலப் பின்னச் செய்தவர், ஜெர்மனியில் 1837-இல் குழந்தைப் பள்ளியைத் தோற்றுவித்த ஃப்ரோபெல். மரியா மாண்டிசோரி அம்மையாரோ 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, நம் நாட்டு ஆசிரியர் பலரைப் பயிற்றியவர். அவர் அமைத்த கருவிகளுள் ஒன்று, பல பருமனுள்ள மர உருளைகளும் அவற்றுக்குரிய குழிகளும் கொண்ட கட்டை. குழந்தை ஓர் உருளையை இடம் மாற்றிச் செருகிவிட்டால், இறுதியில் ஓர் உருளை குழியின்றி மிஞ்சும். 'தவறு' என்று ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடும். குழந்தை தானே களைந்து மீண்டும் செருகும். அதில் அவமானம் இல்லை. ஆகவே சலிப்பும் இல்லை.

ஓலைமுடைதலிலும் இந்த இயல்பு அப்படியே இருக்கிறது. நெடுக்கோலைகளை அடுக்கிக் குறுக்கோலையை ஒன்றன்மேல் ஒன்றன்கீழாக நுழைக்கும்போது, ஓரிடத்தில் இரண்டின்மேல் போய்விட்டால் அடுத்த வரிசை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கை தளர்ந்து இழுத்திருந்தால் கண்ணளவு இடைவெளி தெரியும். என் கையின் நிலையை நானே அன்றன்று பார்த்துக்கொள்ள முடிந்தது. பந்தை அழுத்தியபோது, 'இன்று நேற்றைவிட நன்றாக இருக்கிறது, ஐயா' என்று பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டியிருந்தது. ஓலையில் அந்த உபசாரம் தேவைப்படவில்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அது என் நோய்க்கே உரியது. பக்கவாதம் கண்ட கையில் மூடும் ஆற்றல் முதலில் வரும். விரிக்கும் ஆற்றல் பிந்தி வரும். சிலருக்கு முழுதும் வாராமலே போகும். விரல்கள் தாமே மடங்கி முட்டியாக இறுகும். களைப்பு மிகுந்தால் இறுக்கமும் மிகும். ஆகவே, பிடிப்பதைக் காட்டிலும் விடுவதே எனக்குக் கடினமாக இருந்தது. ஓலையிலோ, ஒவ்வொரு நுழைவுக்கும் நெடுக்கோலையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளித் தூக்க வேண்டும். குறுக்கோலை நுழைந்ததும் விட்டுவிட வேண்டும். விட்டாலன்றி அடுத்ததைத் தூக்க இயலாது. பிடி, விடு, பிடி, விடு என்று வேலையே கட்டளையிடுகிறது. 'கையை விரியுங்கள்' என்று ஒருவர் சொல்லும்போது விரியாத விரல், ஓலையை விட வேண்டிய இடத்தில் விரிந்தது. இதைக் கண்டு நான் வியந்ததைவிட அந்தப் பெண் வியக்காமல் இருந்ததே எனக்கு வியப்பு. "எதிர்பார்த்ததுதான், ஐயா" என்றார்.

செய்முறையைச் சொல்லவேண்டும், ஏனெனில் விரும்பிய வேலையானாலும் அதை நோய்க்கேற்ப இறக்கி அமைக்காவிட்டால் துன்பமே மிஞ்சும். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்துகொள்வது வழக்கம். வார்தற்குக் கத்தி வேண்டும். என் வலக்கையில் தொடு உணர்வு குறைந்திருந்தமையால், கத்தி அறுத்தாலும் தெரியாது என்று மருத்துவர் அதைத் தடுத்துவிட்டார். பேரன் வார்ந்து கொடுத்தான். வழக்கமாக அரை அங்குலத்திற்கும் குறைவான அகலத்தில் வாரும் ஓலையை, எனக்காக ஓரங்குல அகலத்தில் வாரச் சொன்னோம். உலர்ந்த ஓலை ஒடியும். நீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றிவைத்தால் வளையும் பதம் வரும். பதம் மிகுந்தாலோ வழுக்கும். முதல் மாதத்தில் இடக்கையே முடைந்தது. வலக்கை, ஓலை நகராமல் மேலே அழுத்திக்கொண்டிருக்கும் பாறாங்கல்லின் வேலையைச் செய்தது. அதுவும் வேலைதான் என்றார் அந்தப் பெண். பத்து நிமிடம் ஆனதும் நிறுத்தச் சொல்லிவிடுவார். தோள் உயர்ந்து காதை நோக்கிப் போனால் கை களைத்துவிட்டது என்று அறிந்துகொள்ள வேண்டுமாம். மூன்றாம் மாதத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் ஓர் ஓலையைக் கிள்ளித் தூக்கின. ஒரு தடுக்கு முடிந்தது. தடுக்கென்றால் சதுரமாக இருக்க வேண்டும். என்னுடையது நான்கு பக்கமும் நான்கு நீளமுள்ளதாக இருந்தது. வடிவியலில் அதற்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது.

கணக்காசிரியனாகவும் இருந்தவனாதலால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெடுக்கே இருபது ஓலை, குறுக்கே இருபது ஓலை கொண்ட அடிப்பாகத்தில் நானூறு சந்திப்புகள். ஒன்றுவிட்டொன்றைத் தூக்குவதால் இருநூறு முறை கிள்ளித் தூக்கி இருநூறு முறை விட வேண்டும். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதப் பயிற்சிக் கூடங்களில் ஒரு முறைக்கு எத்தனை தடவை நோயுற்ற கை பயனுள்ள செயலைச் செய்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். சராசரி 30-ஐச் சற்றே தாண்டியது. ஒரு பெட்டியின் அடிப்பாகமே அதைப்போல ஆறு மடங்கு. அதையும் 'பயிற்சி' என்று எண்ணாமல், 'இந்த வரிசையை முடித்துவிடலாம்' என்று எண்ணியே செய்துவிடுகிறோம்.

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கும் சான்று உண்டு. 1996-இல் ராண்டால்ஃப் நூடோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் அணில் குரங்குகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். கையை ஆளும் மூளைப் பகுதியில் சிறிதளவு கெட்டுப்போன குரங்குகளைப் பயிற்சியின்றி விட்டால், கெட்ட இடத்தைச் சுற்றி நல்ல நிலையிலிருந்த கைப்பகுதியும் சுருங்கிப் போயிற்று. சிறு குழிகளிலிருந்து உணவு மணிகளை விரலால் எடுக்கும் பயிற்சியை நாள்தோறும் பெற்ற குரங்குகளிடத்திலோ அவ்வாறு சுருங்கவில்லை. சிலவற்றில் அண்டைப் பகுதிக்குள்ளும் கையின் ஆட்சி பரவிற்று. குரங்குக்குக் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாதுதான். ஆயினும், எட்வர்டு டௌப் என்பவர் வகுத்த முறைப்படி, நல்ல கையை உறையிட்டுக் கட்டிவிட்டு நோயுற்ற கையையே இரண்டு வாரம் வேலை வாங்கிய சோதனை ஒன்று, 222 நோயாளர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடைபெற்று 2006-இல் வெளியாயிற்று. வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட அவர்கள் கையை மிகுதியாகப் பயன்படுத்தினர். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் தாமாக நிமிர்த்த இயன்றவர்களுக்கே அம்முறை ஏற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முற்றும் அசையாத கையிடம் ஓலையைக் கொடுப்பது அதை வருத்துவதாகவே முடியும்.

நோயாளிக்குத் தொழிலைக் கொடுத்து உடம்பை மீட்பது புதிய எண்ணம் அன்று. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு இங்கிலாந்தில் பூத்தையல் கற்பித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வீரர்கள் வெவ்வேறு மருத்துவமனைகளில் இருந்தவாறே பகுதி பகுதியாகத் தைத்த பலிபீடத் துணி, 1919-இல் லண்டன் தூய பவுல் பேராலயத்து நன்றி வழிபாட்டில் விரிக்கப்பட்டது. துப்பாக்கி பிடித்த கைகள் ஊசி பிடித்தன. நம் நாட்டில் இதை ஒரு கல்வியாகவே நிலைநாட்டியவர் கமலா நிம்ப்கர் அம்மையார். பிறப்பால் அமெரிக்கரான அவர், 1950-இல் பம்பாயில் கே.இ.எம். மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கினார்.

எனினும், தமிழ்நாட்டவராகிய நாம் மறக்கலாகாத இடம் வேலூர். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயால் நகம்போல் வளைந்துபோன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வகுத்தவர். மருத்துவம் கற்பதற்கு முன் கட்டட வேலையும் தச்சும் பயின்றவர் அவர். கை நிமிர்ந்து வெளியே சென்றவர்களுள் சிலர் மீண்டும் வந்து, 'வளைந்த கையைக் கண்டு பிச்சையாவது இட்டார்கள். இப்போது அதுவும் இல்லை. வேலையும் தருவாரில்லை' என்ற பொருள்பட முறையிட்டதாக அவர் கூறியிருக்கிறார். கையைத் திருத்தியது போதவில்லை. கைக்கு வேலை வேண்டியிருந்தது. 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே சிறு கிராமம்போல் குடில்கள் அமைத்துப் புதுவாழ்வு நிலையம் ஒன்று எழுப்பப்பட்டது. அங்கே தச்சுப் பட்டறையில் நோயாளிகள் மரப் பொம்மைகள் செய்யக் கற்றார்கள். உணர்வற்ற விரலுக்கு வலி தெரியாது. ஆகவே கருவியைப் பிடிக்கும் விதத்தைக் கண்ணால் பார்த்துக் காக்கப் பழக வேண்டியிருந்தது. எனக்குக் கத்தியைத் தடுத்த மருத்துவரின் சொல்லுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

அந்தக் கைகளைத் திருத்தும் பணியில் பிராண்டோடு நின்றவர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் தண்டுவடம் முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தார். நின்றுகொண்டு செய்யும் அறுவை அவருக்கு இனி இல்லை. ஆனால் கை அறுவையை அமர்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் விரல்களைத் திருத்தத் தொடங்கினார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தோற்றுவித்தார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. 1972-இல் பத்மசிறீ விருது பெற்று, 1986-இல் மறைந்தார். அவர் செய்தது அறுவை மருத்துவம். அதைக் கைவேலையோடு சேர்த்துப் பேசுவது தகுமா எனச் சிலர் கேட்கக்கூடும். கத்தியும் ஊசியும் நூலும் கொண்டு விரலால் செய்வதைக் கைவேலை என்னாமல் வேறு என்னென்பது?

இங்கே ஓர் எச்சரிக்கை. என் திண்ணையில் புதன்கிழமைதோறும் இப்போது மூவர் கூடுகிறோம். அவர்களுள் ஒருவர் கயிற்றுத் தொழிலாளி. எங்கள் ஊர் தென்னைநார்க் கயிற்றுக்குப் பேர்போனது. இந்த ஊர்க் கயிற்றைத் தொடாத கிணறு எங்கள் வட்டாரத்தில் குறைவு. அவருக்கு இடப்பக்கம் விழுந்திருந்தது. நான் ஆர்வத்தோடு ஓலையை எடுத்து நீட்டினேன். இரண்டு வரிசை முடைந்துவிட்டு, "வாத்தியாரய்யா, இது பொம்பளப் பிள்ளைக வேலைங்க" என்று கீழே வைத்துவிட்டார். அவருக்குக் கயிறுதான் வேலை. ஆனால் ராட்டில் கயிறு திரிக்க, நாரைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே பின்னோக்கி நடக்க வேண்டும். பக்கவாதம் கண்ட காலுக்கு அது இடர். ஆகவே, நாற்காலியில் அமர்ந்து நாரைப் பிரித்து, இரு உள்ளங்கைகளுக்கும் இடையே வைத்துச் சிறு புரியாகத் திரிக்கும் வேலையை அந்தப் பெண் அவருக்கு அமைத்துக் கொடுத்தார். அதைச் செய்யும்போது அவர் முகத்தில் தோன்றிய கவனம் ஓலையைப் பிடித்தபோது இல்லை. மற்றவர் ஓர் அம்மையார். புற்றுநோய்க்கு மார்பில் அறுவை செய்துகொண்டவர். அவருக்குக் கையில் குறையில்லை. தோளை உயர்த்துவதில்தான் துன்பம். கூடைநாற்காலிக்கு வயர் பின்னும் பழக்கம் அவருக்கு முன்பே உண்டு. சட்டத்தை வாரத்திற்கு ஒருமுறை ஓரங்குலம் உயர்த்தி வைக்கிறோம். நோய் வேறு, உறுப்பு வேறு, பழகிய தொழில் வேறு. ஆதலால் ஒருவர்க்குரியதை மற்றவர்க்கு நீட்டுவதில் பயனில்லை. 'உங்களுக்கு என்ன வேலை தெரியும்?' என்ற கேள்வியை ஒவ்வொருவரிடமும் புதிதாகக் கேட்டாக வேண்டும்.

ஆண்டு ஒன்று நிறைந்தபோது வலக்கையால் பேனாவைப் பிடித்து என் பெயரை எழுதினேன். பழைய கையொப்பம் அன்று; எழுத்துகள் தனித்தனியே நிற்கும், முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. அதையே புதிய மாதிரியாக வங்கியில் பதிவு செய்துகொண்டார்கள். அந்த இளைஞரே படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓலையில், ஓரங்குலத்திலிருந்து இப்போது அரை அங்குலத்திற்கு வந்திருக்கிறேன். பெட்டியின் மூலை திருப்பும் இடத்தில் நான்கு ஓலைகளை ஒருசேரப் பிடிக்க வேண்டும். அங்கே இன்னும் துணி கவ்வும் கிளிப்பை மாட்டித்தான் சமாளிக்கிறேன். மோதிர விரலும் சுண்டுவிரலும் திரும்பவில்லை. ஐந்து ஆண்டு சென்றபின் அவை முழுதும் திரும்பும் என்று மருத்துவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பத்தா முடைந்த நுண்ணோலைக் கொட்டான் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் அருகே என்னுடையதை வைத்தால் பேரப்பிள்ளைகள்கூட வேறுபாட்டைச் சொல்லிவிடுவார்கள். பெட்டிக்கு வாய் கட்டும் வேலை எனக்கு இன்னும் வரவில்லை. நாரை ஊசியில் கோத்து விளிம்பைச் சுற்றிக் கட்டுவதை மனைவியார்தாம் செய்கிறார். ஊசி கோக்க அவருக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும். கோத்த நாரை இறுக்கிப் பிடிக்க என் இடக்கை வேண்டும். பெட்டி நகராமல் இருக்க அதன்மேல் என் வலக்கையை வைத்துக்கொள்கிறேன்.